மூளைக்குத் தடுப்புச் சுவர் இருக்கும்போது வெள்ளை அணுக்கள் எப்படி உள்ளே போகின்றன?

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். 27 வயதுத் தங்கைக்கு ஒரு கண் மங்கி, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று சொல்லியிருக்கிறார்கள். உடம்பின் எதிர்ப்பு அணுக்களே மூளைக்குள் போய்த் தாக்குகின்றன என்று மருத்துவர் விளக்கியிருக்கிறார். நீங்கள் பிளஸ் டூ உயிரியலில் படித்ததோ, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, அதைத் தாண்டி எதுவும் போகாது என்று. அப்படியானால் அந்தச் செல்கள் எப்படிப் போயின, சுவர் உடைந்துவிட்டதா, உடைந்தால் அடைக்க முடியாதா, மாதம் ஒருமுறை ஏற்றச் சொல்லும் மருந்து அதைத்தான் செய்கிறதா, எதிர்ப்பு சக்தி கூட ஆயா (பாட்டி) சொல்லும் கஷாயம் கொடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பல என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: மூளை பூட்டிக் கிடக்கும் வீடா, ஆள் நடமாட்டம் உள்ள வீடா?

நடமாட்டம் உள்ள வீடுதான். நோய் இல்லாதவருக்கும் அப்படித்தான். காரைக்குடியில் 20 வருடத்துக்கு மேலாக நரம்பியல் மருத்துவம் பார்க்கிறேன். அதற்கு முன் 2 வருடம் ஒரு ஆய்வுக்கூடத்தில் இதே நோயின் எலி வடிவத்தோடு வேலை செய்தேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் தங்கையின் ஸ்கேனையோ ரிப்போர்ட்டையோ நான் பார்க்கவில்லை. அதனால் எந்த மருந்து என்ற முடிவை இங்கிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இதைப் படித்த பிறகு உங்களுக்குத் தெளிவாக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பாடப்புத்தகம் தப்பாகச் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டது. 1885இல் ஜெர்மனியில் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்புகளில் எல்லாம் நிறம் ஏறியது, மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. மூளைக்கு அந்தச் சாயத்தைப் பிடித்துவைக்கும் தன்மை இல்லை என்று அவர் நினைத்தார். அவரிடம் வேலை பார்த்த எட்வின் கோல்ட்மன் 1913இல் டிரைபன் நீலம் என்ற சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரிலேயே செலுத்தினார். இந்தத் தடவை மூளை நீலமானது, உடம்பில் நிறம் ஏறவில்லை. ஆக, மூளை சாயத்தைப் பிடிக்கத்தான் செய்கிறது, இடையில் ஏதோ ஒன்று மறிக்கிறது என்று தெரிந்தது. 1967இல் ரீஸ், கார்னோவ்ஸ்கி இருவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்ணாலேயே பார்த்தார்கள்: மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடு ஒன்று, இடைவெளியே இல்லாமல், தைத்துவிட்ட மாதிரி ஒட்டியிருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் செலுத்தியது எல்லாம் சாயமும் புரதமும். அவை இரத்தம் கொண்டுபோகும் இடத்துக்குப் போகும், வழி இல்லையென்றால் நின்றுவிடும். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல் அப்படிப்பட்டதில்லை. அது ஊரும், ஒட்டும், சுவரைத் தடவிப் பார்க்கும், உடம்பை நெளித்துக்கொண்டு தன்னைவிடச் சின்ன இடைவெளியில் நுழையும். அது நுழையும் இடமும் வேறு. சாயத்தை மறிப்பதாகப் புத்தகம் காட்டுவது மிக மெல்லிய நுண்குழாய்களை. செல்கள் நுழைவது அதற்கு அடுத்தாற்போல் வரும் குட்டிச் சிரைகளில்; அங்கேதான் இரத்தம் மெதுவாக ஓடும், சுவரைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் இருக்கும். சாயத்துக்கான தடை ஒன்று, செல்லுக்கான தடை வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

1948இல் பீட்டர் மெடவார் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு முயலின் தோல் துணுக்கை எடுத்து வேறொரு முயலின் மூளைக்குள் வைத்தார். வேற்று ஆளின் தோல் என்றால் உடம்பு பொதுவாக நிராகரித்துவிடும், மூளைக்குள் அது பிழைத்திருந்தது. இதை வைத்துத்தான் மூளை எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாத இடம் என்ற எண்ணம் பரவியது. ஆனால் அந்தச் சோதனையில் இன்னொரு பாதி இருக்கிறது. அதே முயலிடமிருந்து முன்பே ஒருமுறை உடம்பில் தோல் வைக்கப்பட்ட முயலாக இருந்தால், மூளைக்குள் வைத்த துணுக்கும் அழிந்துபோனது. அதாவது, பாடம் படித்த அணுக்களுக்கு மூளைக்குள் போக வழி தெரியும். மூளைக்குள் இருப்பதைப் பற்றி உடம்புக்குப் பாடம் கிடைப்பதுதான் கடினம். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த ஒரு சோதனையிலேயே அடங்கியிருக்கிறது. மெடவாருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது திசு ஏற்புத்தன்மை பற்றிய வேறு வேலைகளுக்காக.

நீங்கள் நம்ம பக்கத்துக்காரர் என்பதால் நம்ம வீட்டை வைத்தே சொல்கிறேன். தெருவில் நடக்கிறவர் திண்ணையில் உட்காரலாம். காரியமாக வந்தவர் முகப்புக்கு வரலாம், அங்கே கணக்குப்பிள்ளை இருப்பார், பேசிவிட்டுப் போகலாம். நிலைவாசலைத் தாண்டி, உள்முற்றமான வளவுக்குள் கால் வைப்பது அடுத்த கட்டம். அதற்கு உறவோ அழைப்போ வேண்டும். மூளையிலும் இதே மாதிரி இரண்டு வாசல். இரத்தக்குழாய் தெரு. குழாயின் சுவர் முதல் வாசல். அதைத் தாண்டினால் குழாயைச் சுற்றி ஒரு குறுகிய இடம், அதுதான் முகப்பு. அதற்கப்புறம் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் தங்கள் பாதங்களை நெருக்கமாக வைத்து இன்னொரு சுவர் எழுப்பியிருக்கின்றன, அது நிலைவாசல். உள்ளே நரம்புச் செல்கள் வாழும் வளவு. முதல் வாசலைத் தாண்டியவர் எல்லோரும் இரண்டாவதைத் தாண்டியவர் ஆகமாட்டார். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதல் வாசலை ஒரு டி செல் எப்படித் தாண்டுகிறது? இரத்தத்தோடு அடித்துக்கொண்டு வரும் செல் முதலில் சுவரில் உரசி உரசி வேகம் குறைகிறது. சுவரிலிருந்து வரும் வேதிச் சமிக்ஞை அதன் மேற்பரப்பில் உள்ள கொக்கிகளை விறைக்கச் செய்கிறது. அந்தக் கொக்கிகளில் முக்கியமானது ஆல்ஃபா-4 இன்டெக்ரின். அது மாட்டிக்கொள்ளும் வளையம் சுவரில் இருக்கும் விகாம்-1 என்ற புரதம். அமைதியான நேரத்தில் மூளைக்குழாயில் விகாம்-1 மிகக் குறைவு, அழற்சி வந்தால் கூடும். மாட்டிக்கொண்ட செல் சும்மா நிற்காது, சுவரின் மேல் ஊர்ந்து இடம் தேடும். 2009இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் உயிரோடு இருக்கும் எலிகளின் தண்டுவடக் குழாய்களைப் படம் பிடித்தபோது, இந்தச் செல்கள் இரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நகர்வதைப் பார்த்தார்கள். முதல்முறை அந்தப் பதிவைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கடைசியில் இரண்டு சுவர்ச் செல்களுக்கு நடுவிலோ, சில சமயம் ஒரே செல்லின் உடம்புக்குள் துளைத்துக்கொண்டோ வெளியே வருகிறது. போன வழி உடனே மூடிக்கொள்கிறது. சுவர் உடையவே வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்.

இப்போது செல் முகப்பில் நிற்கிறது. இங்கே கணக்குப்பிள்ளை வேலையைச் செய்வது மேக்ரோஃபேஜ் முதலான சில செல்கள். அவை உள்ளிருந்து கிடைத்த புரதத் துணுக்குகளை ஒரு சீட்டு மாதிரி நீட்டிக் காட்டுகின்றன. வந்த டி செல் எந்தத் துணுக்கை அடையாளம் காணப் பழகியிருக்கிறதோ அது அந்தச் சீட்டில் இல்லையென்றால், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வெளியேறும் அல்லது அங்கேயே மடியும். இருந்தால் மறுபடி விழித்துக்கொள்ளும், கூட்டாளிகளை அழைக்கும் சமிக்ஞைகளைச் சுரக்கும். வந்து சேரும் கூட்டம் எம்.எம்.பி. என்ற வெட்டும் நொதிகளை வெளியிட்டு ஆஸ்ட்ரோசைட் பாதங்களைப் பிடித்துவைத்திருக்கும் கட்டுகளை அறுக்கிறது. அப்போதுதான் நிலைவாசல் திறக்கிறது. எலிகளில் இது நன்றாகவே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்த எலிகளுக்கு நோயைத் தூண்டிச் சுமார் 10, 12 நாளில் முதலில் வால் துவண்டுவிடும், பிறகு பின்னங்கால்கள் தளரும். அந்தத் தண்டுவடத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு குட்டிச் சிரையைச் சுற்றியும் நீலப் புள்ளிகளாக வெள்ளை அணுக்கள் வளையல் போட்ட மாதிரி அடைந்திருக்கும். வளையலுக்குள்ளேயே நின்ற இடங்களில் நரம்பு பெரும்பாலும் நன்றாக இருக்கும். வளையல் உடைந்து செல்கள் திசுவுக்குள் சிதறிய இடத்தில்தான் நரம்பிழையின் மேலுறையான மைலின் உரிந்திருக்கும்.

வீட்டு உவமை ஓரிடத்தில் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் விருந்தாளி வந்தால் சுவர் மாறாது. இங்கே வந்தவர்களின் சமிக்ஞையால் சுவரே மாறுகிறது: கொக்கி மாட்டும் வளையங்கள் கூடுகின்றன, இறுக்கமான ஒட்டுகள் தளர்கின்றன, முன்னால் போக முடியாத புரதங்களும் கசிகின்றன. ஸ்கேன் எடுக்கும்போது கையில் ஏற்றிய சாயம், அதாவது காடோலினியம், தங்கையின் கண் நரம்பிலோ மூளையிலோ பளிச்சென்று தெரிந்தது என்று ரிப்போர்ட்டில் இருந்தால், அது இந்தக் கசிவைத்தான் காட்டுகிறது. ஒரு புதிய புண்ணில் இந்தப் பளிச்சிடல் பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். ஆக, சுவர் தளர்வது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது நுழைவின் விளைவு.

இரத்தக்குழாய் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. மூளையின் உள்ளறைகளில் நீரைச் சுரக்கும் கோராய்ட் பிளெக்ஸஸ் ஒரு வழி, மூளையை மூடியிருக்கும் சவ்வுகள் இன்னொன்று. இந்த நீர் பெரியவர்களுக்கு ஒரு நேரத்தில் சுமார் 150 மில்லி இருக்கும், ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி சுரக்கும். ஆரோக்கியமான ஒருவரின் நீரிலும் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5 வெள்ளை அணுக்கள் வரை இருக்கலாம். மொத்த நீருக்குக் கணக்குப் போட்டால் லட்சக்கணக்கில் வரும். அவற்றில் பெரும்பாலானவை டி செல்கள், முன்பு எதையோ சந்தித்த நினைவு உள்ளவை, இராத்திரி ரோந்து மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பவை. இந்த நீரை முதுகில் ஊசி வழியாக எடுத்துத்தான் சோதிப்பார்கள். முதுகில் தண்ணி எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்தில் எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பரிசோதனையை மறுத்திருக்கிறார்கள். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்கும் கீழே போகிறது. இரண்டு நாள் தலைவலி வரலாம். கால் போவதில்லை. உங்கள் தங்கைக்கும் கேட்டால் தயவுசெய்து மறுக்காதீர்கள்.

சரி, வளவுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே இருக்கும் டி செல்லுக்கு எப்படித் தெரிகிறது? நம்ம வீடுகளில் வளவில் விழும் மழைத்தண்ணீர் அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும். மூளையின் நீரும் அப்படித்தான் வெளியேறி, ஒரு பங்கு கழுத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. தொண்டைப் புண் வந்தால் நெறி கட்டுகிறதே, அந்த வகைக் கணுக்கள்தான். மூளையின் புரதத் துணுக்குகள் அந்த நீரில் கலந்து வரும், அங்கே அணுக்கள் பாடம் படிக்கும். மூளையின் சவ்வுகளில் நிணநீர்க் குழாய்களே இருப்பதை 2015இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக எலிகளில் காட்டினார்கள், பிறகு மனிதர்களிலும் பார்த்தாயிற்று. இத்தாலியரான மஸ்காக்னி 18ஆம் நூற்றாண்டிலேயே இதை வரைந்துவைத்திருந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை.

பாடம் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதை நம் நாடே ஒரு காலத்தில் பார்த்தது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்து. ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைச் செயலிழக்கச் செய்து, அந்த மூளைத் திசுவோடு சேர்த்தே ஊசியாகப் போட்டார்கள். கோடிக்கணக்கானோரை அது வெறிநாய்க்கடியிலிருந்து காத்தது. ஆனால் சிலருக்கு ஆட்டு மூளையின் மைலினைப் பார்த்துப் பழகிய டி செல்களும், எதிரணுக்கள் (ஆன்டிபாடி) என்ற எதிர்ப்புப் புரதங்களும் அவர்களுடைய சொந்த மைலின் மேலேயே பாய்ந்தன. கண்டனூரில் இருந்த என் பெரியப்பாவுக்கு அந்த ஊசி போட்ட 2 வாரத்தில் இரண்டு கால்களும் இழுத்துக்கொண்டன. கிருமி வந்துவிட்டது என்று வீடே அழுததாம். கிருமி இல்லை, எதிர்வினை. பல மாதம் கழித்துக் கைத்தடியோடு எழுந்து நடந்தார். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்தக் கைத்தடியும் ஒரு காரணம். இந்த மாதிரி பாதிப்பைப் பார்த்துதான் 1933இல் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் குழு குரங்குகளுக்கு முயல் மூளைச் சாற்றைத் திரும்பத் திரும்பச் செலுத்திச் சோதித்தது. நான் வேலை பார்த்த எலி நோய் அந்த வழியில் வந்தது. இந்தியாவில் 2000களின் நடுப்பகுதியில் அந்தத் தடுப்பூசி முழுக்கக் கைவிடப்பட்டது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் தயாரித்தது, கையில் போடுவது, அதில் மூளைத் திசு கிடையாது. நாய் கடித்தால் ஒரு நொடியும் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் நுழையவே விடாமல் வாசலை ஒரேயடியாக அடைத்துவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். இந்த யோசனை பெரிய விஞ்ஞானிகளுக்கும் வந்தது, செய்தும் பார்த்தார்கள். 1992இல் ஆல்ஃபா-4 கொக்கியை மறைக்கும் எதிரணு ஒன்று எலிகளில் இந்த நோயைத் தடுப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து வந்தது நடாலிசுமாப். மாதம் ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் மருந்து என்று நீங்கள் எழுதியிருப்பது அநேகமாக இதுவாக இருக்கலாம். தாக்குதல்களை அது மிக நன்றாகக் குறைக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 2005 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. காரணம் பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று. ஜே.சி. வைரஸ் என்ற ஒன்று பெரியவர்களில் பாதிப் பேருக்காவது உடம்பில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. மூளைக்குள் அது தலையெடுக்காமல் பார்த்துக்கொள்வது ரோந்து சுற்றும் டி செல்கள்தான். ரோந்தை நிறுத்தியதும் சிலருக்கு அது கிளம்பிவிட்டது. 2006இல் கடுமையான கண்காணிப்போடு மருந்து திரும்ப வந்தது. இன்று இரத்தத்தில் ஜே.சி. வைரஸ் எதிரணு பார்த்து, முன்பு எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுத்தாரா, எத்தனை வருடம் ஏற்றுகிறார் என்பதை எல்லாம் சேர்த்து ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். எதிரணு இல்லாதவர்களுக்கு ஆபத்து மிகச் சொற்பம். இன்னொன்று, இதைத் திடீரென்று நிறுத்தினால் சில மாதங்களில் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். பணத்துக்காகவோ பயத்துக்காகவோ நடுவில் நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உள்ளே போவது நல்லதற்குத்தான் என்பதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. வெறிநாய்க்கடியில் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது, ஆனால் அந்தச் சமயத்தில் வாசல் போதுமான அளவு திறப்பதில்லை. வீரியம் குறைந்த கிருமியைக் கொடுத்த எலிகளில் சுவர் தளர்ந்து அணுக்கள் உள்ளே போனபோது அவை பிழைத்தன. காசநோய் மூளைச்சவ்வைத் தாக்கும்போது நேர்மாறு. நம் பக்கத்தில் வருடா வருடம் பார்க்கிறேன்: 2, 3 வாரக் காய்ச்சல், தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம். நீரெடுத்தால் அணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வந்தது கிருமியை அடக்கத்தான், ஆனால் அந்த வீக்கமே இரத்தக்குழாய்களை நெருக்கி, நீர் ஓட்டத்தை அடைத்து ஆளைக் கொல்லக்கூடும். 2004இல் வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், காசநோய் மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுத்தவர்களில் இறப்பு குறைந்தது. அணுக்கள் வேண்டும், அளவு மீறவும் கூடாது.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிங்கோலிமாட் மாத்திரை வாசலைத் தொடாது, அணுக்கள் நிணநீர்க் கணுவை விட்டு வெளியே கிளம்பாமல் பிடித்துவைக்கும். ரிட்டுக்சிமாப், ஓக்ரெலிசுமாப் இரண்டும் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களை அழிக்கின்றன. நம் நாட்டில் செலவு குறைவு என்பதால் ரிட்டுக்சிமாப் நிறையப் பயன்படுகிறது, உலக சுகாதார நிறுவனமும் 2023இல் இந்த நோய்க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. எதிரணு வகையைச் சேர்ந்த இந்த மருந்துகளில் மூளைக்குள் போவது இரத்தத்தில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாதிரிதான். ஆனாலும் தாக்குதல்கள் வெகுவாக நின்றுவிடுகின்றன. புதிய தாக்குதல்கள் வெளியிலிருந்து வரும் அணுக்களால் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை. தங்கைக்கு ஏற்கனவே ஏற்றியிருக்கக்கூடிய மெத்தில்பிரட்னிசோலோன், வழக்கமாக நாளைக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள், வீக்கத்தை அடக்கிச் சுவரை மறுபடி இறுக்குகிறது. பார்வை சீக்கிரம் திரும்ப உதவும், கடைசியில் எவ்வளவு பார்வை மிஞ்சும் என்பதை மாற்றுவதாகத் தெரியவில்லை. வழக்கமான அளவில் வெறும் பிரட்னிசோன் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குக் கண் நரம்பு அழற்சி திரும்ப வருவது கூடியதாக 1992இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனிச் சொல்வது அப்படியில்லை. முதல் டி செல் ஏன் மைலினை எதிரியாக நினைக்கத் தொடங்கியது என்பதற்கு முழு விடை இல்லை. 2022இல் 1 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் தரவை வைத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 32 மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். வலுவான சான்றுதான். ஆனால் அந்த வைரஸ் ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றுகிறது, நம் ஊரில் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. நோய் வருவதோ மிகச் சிலருக்கு. எனவே அது மட்டும் போதாது. எலியில் நோயை நடத்துவது சிடி4 வகை டி செல்கள், இறந்த நோயாளிகளின் மூளைப் புண்களில் அதிகம் காணப்படுவது சிடி8 வகை. எலியில் தெரிந்ததை அப்படியே மனிதருக்கு மாற்ற முடியாது என்று நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மண்டையோட்டின் மஜ்ஜையிலிருந்து நுண்ணிய வாய்க்கால்கள் வழியாக நேரே சவ்வுகளுக்கு அணுக்கள் வருவதை 2018 முதல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மனித மண்டையோட்டிலும் வாய்க்கால்கள் உண்டு, நோயில் அவற்றின் பங்கு இன்னும் ஆராயப்படுகிறது. தூக்கத்தில் மூளை தன்னைக் கழுவிக்கொள்கிறது என்று யூடியூபில் உறுதியாகப் பேசுகிறார்களே, அதிலும் ஆய்வாளர்களுக்குள் கடும் கருத்து வேறுபாடு இருக்கிறது. வருடக்கணக்கில் மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகும் வகை நோயில், வெளியாரைவிட உள்ளே குடியிருக்கும் மைக்ரோகிளியா செல்களும், ஏற்கனவே உள்ளே வந்து தங்கிவிட்ட அணுக்களும்தான் காரணம் என்று பலர் கருதுகிறோம். வாசலைக் காக்கும் மருந்துகள் அந்த நிலையில் அவ்வளவாக எடுபடாததற்கு அது பொருத்தமான விளக்கம். தொடக்கத்திலேயே மருந்தைத் தொடங்கச் சொல்வதும் அதனால்தான். கண் தெளிந்துவிட்டது, இனி எதற்கு மருந்து என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்த ஒரு காரணத்தையாவது அவர்களிடம் சொல்லுங்கள்.

ஆயாவின் கஷாயத்துக்கு வருகிறேன். அவர்கள் பேத்தி மேல் வைத்திருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது, இதைச் சொல்லி அவர்கள் மனம் நோகக் கூடாது. தங்கையின் எதிர்ப்பு சக்தி குறையவில்லை, திசை மாறியிருக்கிறது. அதைத் தூண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் எதையும் தவிர்ப்பது நல்லது. சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்கு உடம்பே கல்லீரலைத் தாக்குவது போன்ற பாதிப்பு வந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, விவாதம் நடந்தது. சந்தேகம் இருக்கும்போது, அதுவும் கல்லீரலைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகளோடு, நான் சேர்க்கமாட்டேன். இரசம், கீரை, மீன் குழம்பு என்று வழக்கமான சாப்பாடு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். வைட்டமின் டி இரத்தத்தில் குறைவாக இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. கண் நரம்பைத் தாக்கி, எம்.எஸ். போலவே தோன்றும் இன்னொரு நோய் இருக்கிறது, நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. அதில் எதிரணுக்கள் குறிவைப்பது அக்வாபோரின்-4 என்ற புரதத்தை. அது இருப்பது நான் மேலே சொன்ன நிலைவாசலில், ஆஸ்ட்ரோசைட் பாதங்களிலேயே. இந்த எதிரணுவை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் இந்த நோய் அரிதானதல்ல. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் மூன்றும் அதை மோசமாக்கலாம். அதனால் தங்கையின் இரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிரணுவும், அதோடு மைலினில் உள்ள மாக் (MOG) புரதத்துக்கு எதிரான எதிரணுவும் பார்த்தார்களா, செல் பேஸ்டு (cell-based) முறையில் பார்த்தார்களா என்று ரிப்போர்ட்டில் தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை போகும்போது முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள். அந்த முடிவு வந்த பிறகு மாதாந்திர டிரிப்ஸைப் பற்றிப் பேசலாம்.